போர்டிங்ல விட்டா நம்ம செல்லம் தாங்குமா? வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

லீவு சீசன் வந்தாலே நமக்கு வர்ற கேள்வில முக்கால்வாசி ஒரே டாப்பிக்தான், "ஊருக்குப் போறோம், நாயை என்ன பண்றது". அதனால இந்தத் தடவை வேற எதையும் எடுக்கல, போர்டிங் மட்டும்தான், அதாவது நாம ஊருல இல்லாதப்ப காசு குடுத்து நாயைத் தங்க விடுற இடம். தோல் அலர்ஜி, பல் கறைன்னு கேட்டிருந்தவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல கண்டிப்பா வரும்.

டாக்டர், எங்க பையன் சிம்பா, 3 வயசு லேப்ரடார். ரெண்டு மாசக் குட்டியா வந்தான், அதுலேருந்து ஒரு ராத்திரிகூட எங்களைப் பிரிஞ்சு இருந்ததில்ல. அடுத்த மாசம் 10 நாள் வெளியூர் போயே ஆகணும், கூட்டிட்டுப் போக முடியாது, சொந்தக்காரங்களும் கையை விரிச்சுட்டாங்க. ஒரு போர்டிங் பார்த்து வச்சிருக்கோம், இடம் நல்லாத்தான் இருக்கு, ஆனா நினைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குது. நம்மளை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு ஏங்கிடுவானோ? என்ன பண்ணா அவனுக்குக் கஷ்டம் கம்மியா இருக்கும்? – சிம்பாவோட அம்மா

ஒரு மாசம் இருக்குல்லம்மா, அது தாராளம். கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி கேக்குறவங்கதான் ஜாஸ்தி.

ஏக்கம் இருக்கத்தான் செய்யும், இல்லேன்னு சொல்லல. ஆனா அங்க போய் நின்னதும் அவனை முதல்ல ஆட்டி வைக்கிறது வேற ஒண்ணு. காலைல யாரு கதவைத் திறப்பாங்க, சாப்பாடு எப்ப வரும், எங்க ஒண்ணுக்குப் போறது, பக்கத்துக் கூண்டுல தொண்டை கிழியக் குரைக்கிறவன் நம்மகிட்ட வருவானா மாட்டானா, ஒண்ணுமே புடிபடாது. வீட்டுல நீங்க சாவியை எடுக்குற சத்தத்தை வச்சே அடுத்து என்னன்னு சொல்லிடுற பையன், அங்க அடுத்த நிமிஷம் என்ன நடக்கும்னே தெரியாம உக்காந்திருப்பான். அதனால இந்த ஒரு மாசத்துல நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அந்த இடத்தை அவனுக்குத் தெரிஞ்ச இடமா மாத்துறது.

முதல் தடவை சும்மா கூட்டிட்டுப் போங்க, மோந்து பார்க்கட்டும், அங்க இருக்குற கேர்டேக்கர் கையால ஏதாவது ட்ரீட் குடுக்கட்டும், அவ்வளவுதான், வீட்டுக்கு வந்துடுங்க. அடுத்து ஒரு அரை நாள். அப்புறம் ஒரு ராத்திரி. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு மூணு நாள் கேப் விடுங்க, முடிஞ்சா எல்லாத் தடவையும் அதே கேர்டேக்கர் டியூட்டில இருக்குற மாதிரி பார்த்துக்கோங்க. அரை நாள் முடிஞ்சு கூப்பிடப் போறப்ப உடனே அவன் முன்னாடி போய் நிக்காதீங்க, கேமரா இருந்தா அஞ்சு நிமிஷம் தள்ளி நின்னு பாருங்க. படுத்திருக்கானா, இல்ல கதவோரமாவே முன்னும் பின்னும் நடந்துக்கிட்டே இருக்கானா? அடுத்த தடவை போறப்ப கார்லேருந்து இறங்கினதும் அவன் காலைப் பாருங்க. வாலை ஆட்டிக்கிட்டு உங்களை இழுத்துட்டு உள்ள போனா ஜெயிச்சுட்டீங்க. முன்னங்காலை ஊணி, உடம்பைப் பின்னால தள்ளி, கேட்டுக்கு வெளியவே பிரேக் போட்டா அந்த இடம் அவனுக்கு ஒத்துவரல, இல்லேன்னா இன்னும் பழக்கணும்னு அர்த்தம். போர்டிங்காரங்க போடுற ஸ்டாரு ரேட்டிங்கை விட எனக்கு இந்த பிரேக் மேலதான் நம்பிக்கை.

இன்னொரு விஷயம். ஆதரவில்லாத நாய்களை வச்சுப் பார்த்துக்குற காப்பகத்துக்கு வர்ற நாய்களோட ரத்தத்துல கார்டிசால், அதாவது ஸ்ட்ரெஸ் ஹார்மோன், எவ்வளவு இருக்குன்னு மைக்கேல் ஹென்னெஸி குழு அமெரிக்காவுல அளந்து 1997-ல வெளியிட்டாங்க, முதல் 3 நாள்ல அது ரொம்ப தூக்கலா இருந்துச்சு, அதை விட ரொம்ப நாளா அங்க தங்கியிருந்த நாய்கள்ல கம்மி. காப்பகம் வேற போர்டிங் வேறதான், ஆனாலும் முதல் மூணு நாள்தான் கஷ்டம்னு கேர்டேக்கருங்களும் அவங்க அனுபவத்துல இதையேதான் சொல்லுவாங்க. 2006-ல டெம்பிள் கிராண்டின்ங்கிற விலங்கியல் ஆராய்ச்சியாளர் இருந்த குழு காப்பக நாய்களை வச்சு இன்னொண்ணு பார்த்தாங்க, ரெண்டாவது நாள் ஒரு ஆள் உக்காந்து தடவிக் குடுத்து, விளையாடி, கொஞ்சம் நேரம் செலவு பண்ண நாய்களுக்கு மூணாவது நாள் எச்சில்ல கார்டிசால் மத்த நாய்களை விட குறைவா இருந்துச்சு. இதை வச்சு நீங்க கேக்க வேண்டியது சிம்பிள்: "முதல் மூணு நாள் என் பையன் கூட தினமும் யாராவது கொஞ்ச நேரம் தனியா உக்காருவீங்களா? எக்ஸ்ட்ரா பணம் வேணா வாங்கிக்கோங்க". பெரிய பூல், ஏசி ரூமு இதுக்கெல்லாம் குடுக்குறதை விட இதுக்குக் குடுக்கலாம். அப்படியே, வந்த முதல் நாளே பத்து நாய் கூட்டத்துல அவிழ்த்து விட வேண்டாம்னும் சொல்லிடுங்க.

வீட்டுல என்ன பண்ணலாம்னா, அவன் பாத்ரூம் வரைக்கும் உங்க பின்னாடியே வர்ற டைப்பா இருந்தா அங்கேருந்தே ஆரம்பிங்க. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிஷம், அஞ்சு நிமிஷம், அப்புறம் வேற ரூம்ல தனியா தூக்கம். கூட அனுப்ப புது பெட்டு, புது பொம்மைன்னு வாங்காதீங்க ப்ளீஸ், அவன் ரெகுலரா படுக்குற துணியைத் துவைக்காம அப்படியே குடுங்க, கூட நீங்க ரெண்டு நாள் போட்ட டிஷர்ட் ஒண்ணு. எமரி யுனிவர்சிட்டில கிரெகரி பெர்ன்ஸ் குழு நாய்களை ஸ்கேன் மெஷின்ல ஆடாம படுக்கப் பழக்கி வெவ்வேறு வாசனையைக் காட்டினாங்க (2015-ல வந்த ஆராய்ச்சி இது), நல்லது ஏதோ வரப்போகுதுன்னு எதிர்பார்க்குற மூளைப் பகுதி, தெரிஞ்ச மனுஷங்க வாசனைக்குத்தான் எல்லாத்தையும் விட தூக்கலா வேலை செஞ்சுச்சு, அந்த ஆள் ரூம்லயே இல்லாதப்பவும். உங்க வேர்வை நாத்தம் அவனுக்கு அவ்வளவு பெரிய விஷயம். ஒரே கண்டிஷன், துணியைக் கிழிச்சு முழுங்குற பழக்கம் இருந்தா டிஷர்ட் வேண்டாம்.

ஒரு பேப்பர்ல அவன் பாஷையை எழுதிக் குடுங்க. இதை யாருமே செய்றதில்ல. நீங்க "வெளிய"ன்னு சொன்னா ஒண்ணுக்குப் போவான், அங்க இருக்குறவங்க "கமான் கமான்"னு கூப்பிட்டா முழிச்சுட்டு நிப்பான். எந்த வார்த்தைக்கு என்ன செய்வான், எங்க தொட்டா புடிக்காது, இடி சத்தத்துக்கு எங்க போய் ஒளிவான், மருந்து ஏதாவது இருந்தா எத்தனை மணிக்கு, எல்லாம் எழுதுங்க.

கென்னல் காஃப், அதாவது நாய்க்கு நாய் தொத்துற இருமல், அதுக்கான தடுப்பூசியை கடைசி நேரத்துக்குத் தள்ளாதீங்க. மூக்குல விடுற வகை சில நாள்லயே வேலை செய்ய ஆரம்பிச்சுடும், ஊசி வகையா இருந்தா முதல் தடவை ரெண்டு டோஸ் வேணும், நடுவுல 2-லேருந்து 4 வாரம் இடைவெளி, கணக்குப் போட்டுக்கோங்க. ரேபிஸ், மத்த வழக்கமான ஊசி, உண்ணி மருந்து இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. அந்த போர்டிங்ல இதையெல்லாம் உங்ககிட்ட கேக்கவே இல்லேன்னா மத்தவங்ககிட்டயும் கேக்கலன்னு அர்த்தம், வேற இடம் பாருங்க.

விடுற அன்னைக்கு காலைல விடுங்க, ராத்திரி வர்றதுக்குள்ள இடத்தைச் சுத்திப் பார்த்துப் பழக ஒரு பகல் கிடைக்கும். முன்னாடி நல்லா ஒரு நடை. கழுத்துல போன் நம்பர் டேக் இருக்கணும், தோலுக்கடியில வைக்கிற அடையாள மைக்ரோசிப் இருந்தா அதுக்குப் பதிவாகியிருக்குறது உங்க இப்போதைய நம்பர்தானான்னு செக் பண்ணுங்க, ஏன்னா பயந்த நாய் கழுத்துப் பட்டையை உருவிட்டு ஓடுறது சகஜம், நெஞ்சைச் சுத்தி மாட்டுற ஹார்னஸ் போட்டு கூட்டிட்டுப் போனா பெட்டர். வாசல்ல கயித்தைக் கைல குடுத்து, ஒரு தடவு தடவி, கிளம்பிடுங்க. கட்டிப்புடிச்சு அழுறதெல்லாம் கார்ல வச்சுக்கலாம்.

போர்டிங்லேருந்து தினமும் வீடியோ அனுப்புறாங்க, "செம ஹேப்பியா இருக்கா மேடம்"னு. ஆனா என் பொண்ணு லூனா வீடியோல கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கா, நாக்கை நாக்கை வெளிய நீட்டி மூக்கை நக்குறா. பசியா, தூக்கமா? எனக்கு என்னமோ மனசு ஒப்பல. – லூனா வீட்டுலேருந்து

உங்க மனசு சொல்றதுதான் கரெக்ட். தூங்கி எந்திரிச்சப்ப இல்லாம சும்மா நின்னுக்கிட்டு திரும்பத் திரும்ப கொட்டாவி, எதிர்ல சாப்பாடே இல்லாம மூக்கை நக்குறது, வெயில் இல்லாமலே மூச்சு இரைக்கிறது, தலையைத் திருப்பிக்கிட்டு கண்ணோட வெள்ளை தெரியப் பார்க்குறது, வாலைக் கவட்டைக்குள்ள சொருகுறது, திடீர்னு முடி கொட்டுறது, இதெல்லாம் "எனக்கு இது தாங்கல"ன்னு நாய் சொல்ற விதம். ஒண்ணு ரெண்டு தடவை வந்தா விடுங்க, எல்லா வீடியோலயும் வந்தா கவனிக்கணும்.

நல்ல போர்டிங்காரங்களே கோட்டை விடுறது ஒண்ணு உண்டு, அமைதியா மூலைல படுத்திருக்குற நாய். குரைக்குற நாயைத்தான் எல்லாரும் டென்ஷன்னு சொல்லுவாங்க, இது "ரொம்ப சமத்து, இருக்குற இடமே தெரியல"ன்னு பேர் வாங்கிடும். உள்ளுக்குள்ள உறைஞ்சு போயிருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு ட்ரீட்டை தரைல போடச் சொல்லுங்க. நிம்மதியா படுத்திருக்குற நாய் எந்திரிச்சு வந்து எடுக்கும், இல்லேன்னா கழுத்தையாவது நீட்டும். உறைஞ்சு போன நாய் அதைப் பார்க்காத மாதிரியே இருக்கும். அப்படி இருந்தா சத்தம் கம்மியான கூண்டுக்கு மாத்தி, முன்பக்கம் பாதிக்கு ஒரு துணியைத் தொங்கவிட்டு, எதிர்க் கூண்டு நாய் கண்ல படாம பண்ணச் சொல்லுங்க. சின்ன வேலைதான், நல்லா ஹெல்ப் பண்ணும்.

எங்க பிரௌனி போர்டிங் போனா ரெண்டு நாள் தட்டைத் தொடவே மாட்டான், சாப்பிட ஆரம்பிச்சா லூஸ் மோஷன், சளி மாதிரி வழவழன்னு போகுது. அங்க சாப்பாடு சரியில்லையா? – ஒரு வாசகர்

சாப்பாட்டை மாத்திட்டாங்களான்னு முதல்ல கேளுங்க. வீட்டுல ஒண்ணு, அங்க வேற ஒண்ணுன்னு ஒரே நாள்ல மாத்தினா எந்த நாய்க்கும் வயிறு கெடும், மாத்தியே ஆகணும்னா ஒரு வாரமாவது கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்தணும். அதுக்கு வீட்டு சாப்பாட்டையே வேளைக்கு ஒரு பாக்கெட்டா கட்டி, ரெண்டு நாளுக்கு கூடுதலாவே குடுத்துடுங்க.

சாப்பாடு அதேதான்னா அப்போ அது டென்ஷன்ல வர்றது. பெருங்குடல் வீங்கி சளியோட, சில சமயம் சிவப்பா ரெண்டு சொட்டு ரத்தத்தோட கூட போகும், போர்டிங் நாய்கள்ல ரொம்பவே காமன். சாதாரணமா ரெண்டு மூணு நாள்ல அடங்கும். ஆனா வாந்தியும் சேர்ந்து வந்தா, சோர்ந்து படுத்துட்டா, ரத்தம் ஜாஸ்தியா போனா, தண்ணிகூட குடிக்கலன்னா காத்திருக்காம டாக்டர்கிட்ட போகணும். நல்ல ஆரோக்கியமான பெரிய நாய் முதல் நாள் சாப்பிடலேன்னா பதற வேண்டாம், ரெண்டாவது நாளும் முழுசா பட்டினின்னா டாக்டரைக் கூப்பிடணும். குட்டிகளுக்கும் ரொம்ப சின்ன சைஸ் நாய்களுக்கும் சுகர் சட்டுனு இறங்கிடும், அதுங்களுக்கு அவ்வளவு டைம் குடுக்கக் கூடாது. இன்சுலின் போடுற நாய்ன்னா ஒரு வேளை தவறினாலே போன் போட்டாகணும், ஏன்னா சாப்பிடாம ஊசி போட்டா ஆபத்து, அப்படிப்பட்ட நாய்க்கு நான் டாக்டர் இருக்குற போர்டிங் தவிர வேற எதையும் சொல்ல மாட்டேன்.

பிரௌனி மாதிரி ஆளுங்களுக்கு தட்டை வச்சுட்டு எதிர்லயே நின்னு "சாப்புடு சாப்புடு"ன்னு கெஞ்சினா இன்னும் சாப்பிட மாட்டான். வச்சுட்டு நகர்ந்துடணும். இல்லேன்னா கொஞ்சத்தை தரைல தூவி விட்டு மோந்து தேடி எடுக்க விடலாம்.

கிளம்புறப்ப ஒரு தூக்க மாத்திரை குடுத்துட்டா அவனுக்கும் நல்லது, போர்டிங்காரங்களுக்கும் நல்லதுன்னு ஃப்ரெண்டு சொல்றாரு. சரியா?

உங்க ஃப்ரெண்டு மருந்துக்கடைல வாங்கச் சொல்றாருன்னா, வேண்டவே வேண்டாம். நம்ம மாத்திரையை டாக்டரைக் கேக்காம நாமளா நாய்க்குக் குடுக்கக் கூடாது, வலி மாத்திரைன்னு நாம சாதாரணமா முழுங்குற இபுப்ரோஃபென் எல்லாம் அதுங்க வயித்தையும் கிட்னியையும் காலி பண்ணிடும்.

டாக்டர் எழுதித் தர்றதுலயும் வித்தியாசம் இருக்கு. ஏஸ்புரோமசின்னு ஒரு பழைய மருந்து, அதைக் குடுத்தா நாய் ஆடாம அசையாம கிடக்கும், பார்க்குற நமக்குத்தான் நிம்மதி, அதோட பயம் அப்படியே இருக்கும், சில நாய்க்கு சத்தம் கேட்டா தூக்கிப்போடுறது இன்னும் ஜாஸ்தியாகுது. இதை மட்டும் பயத்துக்குன்னு குடுக்குறது எனக்கு உடன்பாடில்ல. நிஜமாவே பதட்டம் அதிகமா உள்ள நாய்க்கு டிரசோடோன், கபபென்டின் மாதிரி மருந்துகளை டாக்டர் எடை பார்த்து, வேற வியாதி இருக்கான்னு பார்த்து எழுதுவாரு. எழுதிக் குடுத்தாலும் முதல் டோஸை வீட்டுல நீங்க பக்கத்துல இருக்குறப்ப குடுத்துப் பாருங்க, போர்டிங் வாசல்ல வச்சு இல்ல. கபபென்டின் திரவமா வாங்குறதா இருந்தா ஜாக்கிரதை, மனுஷங்களுக்கு விக்கிறதுல சிலதுல சைலிடால்ங்கிற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம்.

ராத்திரி அங்க பாட்டு போட்டு விடுவாங்களாம், வீடியோ கால்ல நாமளும் பேசலாமாம், தனி சார்ஜ். வேலைக்கு ஆகுமா?

பாட்டு ஓரளவுக்கு ஆகும். கிளாஸ்கோ யுனிவர்சிட்டியும் ஸ்காட்டிஷ் எஸ்.பி.சி.ஏ.ங்கிற விலங்கு நல அமைப்பும் சேர்ந்து காப்பக நாய்களுக்கு அஞ்சு வகை இசை போட்டுப் பார்த்தாங்க, 2017-ல வெளியானது, அதுல ரெக்கேயும் சாஃப்ட் ராக்கும்தான் கொஞ்சம் நல்லா வேலை செஞ்சுது. நாயா இருந்தாலும் டேஸ்ட்டு இருக்கு பாருங்க! ஆனா ஒரே வகையை நாள் பூரா ஓட்டினா பழகிப்போய் பலன் குறைஞ்சுடுது, மாத்தி மாத்தி மெதுவா வைக்கணும்.

வீடியோ கால் உங்களுக்காகத்தான். குரல் கேக்குது, ஆள் இல்ல, வாசனை இல்ல, சில நாய் அப்புறம் ஒரு மணி நேரம் கதவையே பார்த்துக்கிட்டு நிக்கும். அந்தக் காசுக்கு இன்னொரு நடை கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

எங்க மணிக்கு 12 வயசு, கண்ணு மங்கல், மூட்டு வலி, ராத்திரில சில சமயம் சுவத்தைப் பார்த்துட்டு நிக்கிறான். ஒரு வாரத்துக்கு போர்டிங்ல விடலாமா?

என்னைக் கேட்டா, வேண்டாம். இந்த வயசுல, அதுவும் சுவத்தைப் பார்த்து நிக்கிற அளவுக்கு வந்தாச்சுன்னா, அது கண்ணோட பிரச்சனை மட்டும் இல்லாம வயசான மூளையோட மறதியாவும் இருக்கலாம், எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டுங்க. அப்படிப்பட்ட நாய் வீட்டை ஞாபகத்துல வச்சுத்தான் நடமாடுது, தண்ணிக் கிண்ணம் எத்தனை எட்டுல இருக்கு, கதவு எந்தப் பக்கம்னு. புது இடத்துல அந்தக் கணக்கு மொத்தமும் போயிடும். தெரிஞ்ச ஆள் ஒருத்தரை உங்க வீட்டுலயே வந்து தங்கச் சொல்லுங்க, முன்னாடியே ரெண்டு மூணு தடவை வந்து அவன் கூட இருந்து பழகட்டும், நீங்க இல்லாதப்ப சோபா, கிண்ணம் எதையும் இடம் மாத்த வேண்டாம், ராத்திரி ஒரு சின்ன லைட் எரியட்டும்.

வழியே இல்ல, போர்டிங்தான்னா தரை வழுக்காத இடமா பாருங்க. பளபளன்னு டைல்ஸ் போட்ட இடம் போட்டோல அழகா இருக்கும், மூட்டு வலி நாய் அதுல எந்திரிக்கவே பயந்து, ஒண்ணுக்கு வந்தாலும் அடக்கிக்கிட்டுப் படுத்திருக்கும்.

கூட்டிட்டு வந்து ஒரு நாள் ஆச்சு, தூங்கிக்கிட்டே இருக்கா, கூப்பிட்டா திரும்பிக்கூட பார்க்கல. கோவமா? லேசா இருமுறா வேற. – ரோஸி அப்பா

கோவம் எல்லாம் இல்ல சார், தூக்கம் பாக்கி. அங்க எந்நேரமும் ஏதாவது ஒண்ணு குரைச்சுக்கிட்டு இருந்திருக்கும், அசந்து தூங்கியிருக்க மாட்டா. ஒண்ணு ரெண்டு நாள் தூங்கட்டும், சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுக் காட்டுறது, குளிப்பாட்டுறது எல்லாம் அப்புறம். வந்ததும் தண்ணியும் சாப்பாடும் பாய்ஞ்சு பாய்ஞ்சு எடுப்பாங்க, கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுக் குடுங்க. முக்கியமா கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி நெஞ்சு ஆழமா இருக்குற நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்குற ஆபத்து உண்டு, டென்ஷனான நாய்க்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். வயிறு வீங்கி, வாந்தி வர்ற மாதிரி குமட்டிக் குமட்டி ஒண்ணுமே வரலேன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம ஆஸ்பத்திரி, நடு ராத்திரியா இருந்தாலும்.

இருமலை மட்டும் சும்மா விடாதீங்க. வாத்து கத்துற மாதிரி வறட்டு இருமல், கடைசில தொண்டைல எதோ சிக்கினதைத் துப்புற மாதிரி முடிஞ்சா அது பெரும்பாலும் கென்னல் காஃப், தொத்தின ரெண்டு நாள்லேருந்து ரெண்டு வாரத்துக்குள்ள எப்ப வேணாலும் தலைகாட்டும். ஊசி போட்டிருந்தாலும் வரலாம், வந்தா லேசா வரும். பெரும்பாலும் தானா சரியாகிடும், ஆனா சாப்பிடலேன்னா, காய்ச்சல் அடிச்சா, மூச்சு வாங்கினா நிமோனியா பக்கம் போகுதோன்னு பார்க்கணும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறப்ப நேரா வெயிட்டிங் ஹால்ல கொண்டுபோய் உக்கார வைக்காம முதல்லயே போன் பண்ணி "இருமுறா, போர்டிங்லேருந்து வந்தா"ன்னு சொல்லிடுங்க, வெளியவே வச்சுப் பார்ப்பாங்க. போர்டிங்குக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க, மத்த நாய்க்காரங்களுக்குத் தெரியணும். கொஞ்ச நாளைக்கு கழுத்துப் பட்டை வேண்டாம், ஹார்னஸ்ல கூட்டிட்டுப் போங்க, பட்டை இழுத்தா இருமல் கூடும்.

எங்க வீட்டுல ரெண்டு பேரு, அண்ணன் தம்பி மாதிரி. ஒரே கூண்டுல விடலாமா?

வீட்டுல சண்டை போடாம ஒண்ணாப் படுக்குறவங்கன்னா தாராளமா விடலாம், கூண்டு ரெண்டு பேரும் காலை நீட்டிப் படுக்குற அளவுக்குப் பெருசா இருக்கணும். சாப்பாடு மட்டும் தனித்தனியா வைக்கச் சொல்லுங்க, வீட்டுல ஒரே தட்டுல சாப்பிடுறவங்களா இருந்தாலும் சரி. டென்ஷன்ல இருக்குறப்ப தட்டு முன்னாடி அண்ணனும் இல்ல தம்பியும் இல்ல. அதுமட்டுமில்ல, யாரு சாப்பிடல, யாருக்கு லூஸ் மோஷன்னு பிரிச்சுத் தெரியணும்ல.